நுண்ணுயிரில் நட்பைக் கண்டவர்

நுழையும்முன்

நுண்ணுயிரி என்னும் சொல்லைக் கேட்டதும் நோயும் அச்சமுமே நம் மனத்தில் எழுகின்றன. ஆயினும், நம் குடலுக்குள் வாழும் எண்ணிலடங்கா நுண்ணுயிரிகளுள் பகையும் உண்டு, நட்பும் உண்டு. தீமை செய்யும் நுண்ணுயிரியை நன்மை செய்யும் நுண்ணுயிரியைக் கொண்டே அடக்கலாம் என்னும் எண்ணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே உலகின்முன் வைத்தவர் இல்யா மெச்னிகோவ். அவர் எதில் வென்றார் என்பதோடு, எதில் தவறினார் என்பதையும் அறிவது, அறிவியல் வளரும் முறையை நமக்கு உணர்த்தும்.

விடை தேடிய வினா

ஒரே கிணற்று நீரைப் பருகிய இருவருள் ஒருவர் காலராவுக்கு இரையாகிறார். மற்றவர் நலமுடன் நடமாடுகிறார். ஒரே வீட்டில் வாழ்வோருள் ஒருவரைக் காசநோய் பற்றுகிறது, மற்றவரை விட்டுவிடுகிறது. கிருமி ஒன்றாக இருக்க, விளைவு மட்டும் வேறாவது ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டரும் ஜெர்மனியின் ராபர்ட் கோக்கும் தொற்றுநோய்களுக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே என நிறுவினர். அக்கால அறிஞர் பலரும் கிருமியையே உற்றுநோக்கினர். கிருமி புகுந்த உடல் என்ன செய்கிறது என்று நோக்கியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மையானவர் மெச்னிகோவ். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்த விலங்கியலாளர். அதனாலேயே மருத்துவர்கள் காணாத ஒன்றைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

இளமையும் கல்வியும்

அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1845ஆம் ஆண்டு மே மாதம் மெச்னிகோவ் பிறந்தார். தந்தை படை அதிகாரி. தாய் எமிலியா, எழுத்தாளர் ஒருவரின் மகள். ஐந்து பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. மகனின் அறிவு நாட்டத்தை முதலில் உணர்ந்து ஊக்கியவர் தாயே. செடிகொடிகளைப் பற்றித் தாம் அறிந்தவற்றைச் சொல்வதற்காக, கைச்செலவுக்குக் கிடைத்த காசைக் கொடுத்துச் சிறுவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்திய பிள்ளை அவர்.

கார்கிவ் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1864ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று ஆய்வுகள் செய்தார். தட்டைப்புழு ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் உயிரணுக்கள் உணவுத் துணுக்குகளைத் தமக்குள்ளேயே இழுத்துச் செரிப்பதைக் கண்டார். அன்று அது விலங்கியலின் சிறு செய்தியாகவே தோன்றியது. பின்னாளில் மருத்துவத்தின் போக்கையே மாற்றப்போகும் விதை அதனுள் உறங்கிக்கிடந்தது.

1867ஆம் ஆண்டு ஒடெசா நகரில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு. அவரிடம் பயின்றோருள் சிலர் அவரினும் மூத்தவர்களாக இருந்தனர்.

இழப்பும் மீட்சியும்

1869ஆம் ஆண்டு மெச்னிகோவ் லுட்மிலா என்னும் பெண்ணை மணந்தார். மணநாளிலேயே மணமகள் நலிந்திருந்தார். தேவாலயத்திற்கு நடந்து செல்ல வலுவின்றி, நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். அவரைப் பற்றியிருந்தது காசநோய். மனைவியைக் காக்க மெச்னிகோவ் தம் வருவாயையும் நேரத்தையும் உடல்நலத்தையும் செலவிட்டார். தட்பவெப்பம் நலம் தரும் என்று கருதப்பட்ட மதேரா தீவுக்கு அழைத்துச் சென்றும் பயனில்லை. 1873ஆம் ஆண்டு லுட்மிலா அங்கே உயிர்நீத்தார்.

அத்துயரம் மெச்னிகோவை நிலைகுலையச் செய்தது. கண்பார்வையும் மங்கியிருந்தது, இதயமும் தளர்ந்திருந்தது. வாழ்வின்மீதே அவர் பற்றிழந்த காலம் அது. அந்த இருளிலிருந்து அவரை மீட்டது ஆய்வின்மீது அவருக்கு இருந்த ஆர்வமே. 1875ஆம் ஆண்டு ஓல்கா என்பாரை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவை டைபாய்டு காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. ஆனால், இம்முறை நோய் தோற்றது, ஓல்கா பிழைத்தெழுந்தார். ஒரு மனைவியை நோய் கொண்டுசென்றது. மற்றொரு மனைவி நோயை வென்றார். உடலின் எந்த ஆற்றல் இவ்வேறுபாட்டை உண்டாக்கியது என்னும் வினா அவருக்கு ஏட்டு வினாவாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மெசினாவில் ஒரு மாலை

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாடெங்கும் அடக்குமுறை பெருகியது. பல்கலைக்கழகச் சூழலும் கெட்டது. 1882ஆம் ஆண்டு மெச்னிகோவ் பணியிலிருந்து விலகி, குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார். கடற்கரை வீட்டின் ஓர் அறையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் ஒருநாள், வீட்டார் அனைவரும் குரங்குகளின் வேடிக்கையைக் காண வட்டரங்கிற்குச் சென்றிருந்தனர். மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியின்முன் தனித்திருந்தார். நட்சத்திர மீனின் இளம்பருவ உயிரிகள் கண்ணாடி போல் ஒளிபுகும் தன்மையுடையவை. அவற்றின் உடலுக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. உணவைச் செரிக்கும் வேலை இல்லாதபோதும் இவை ஏன் அலைகின்றன? உடலுக்குள் புகும் பகைப்பொருளை எதிர்ப்பதற்காக இருக்குமோ? இவ்வெண்ணம் எழுந்ததும் அவரால் இருக்கையில் இருக்க இயலவில்லை. அறைக்குள் நடந்தார், கடற்கரைக்கும் சென்று வந்தார்.

எண்ணம் சரியெனில், அவ்வுயிரியின் உடலில் தைக்கும் முள்ளை அந்த உயிரணுக்கள் சூழ்ந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டத்திலிருந்து சில ரோசா முட்களைக் கொணர்ந்து, நட்சத்திர மீனின் இளவுயிரிகளுடைய தோலுக்கடியில் செருகினார். இரவு முழுவதும் உறக்கமில்லை. விடியற்காலையில் நுண்ணோக்கியில் கண்டபோது, ஊர்ந்து திரிந்த உயிரணுக்கள் முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்து நின்றன.

நம் விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது; சீழ் கட்டுகிறது. அதுவரை அவ்வீக்கத்தைத் துன்பமாக மட்டுமே மருத்துவம் கண்டது. அது உடல் நடத்தும் போரின் அடையாளம் என்று மெச்னிகோவ் விளக்கினார். கிருமியை விழுங்கிச் செரிக்கும் இவ்வுயிரணுக்களுக்கு, விழுங்கும் உயிரணு எனப் பொருள்படும் ‘பாகோசைட்’ என்னும் கிரேக்கச் சொல் பெயராயிற்று. தமிழில் இவற்றை விழுங்கணுக்கள் எனலாம். நம் குருதியிலுள்ள வெள்ளையணுக்களில் சில வகைகள் இப்பணியையே செய்கின்றன. நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரின் உடலில் புகுந்த பூஞ்சையை இவ்வணுக்கள் விழுங்குவதையும் அவர் நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். விழுங்கணுக்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைத்தது, தோற்றால் மடிந்தது.

பாரிசும் பெரும் விவாதமும்

1886ஆம் ஆண்டு ஒடெசாவில் அமைக்கப்பட்ட நுண்ணுயிரியல் நிலையத்திற்கு மெச்னிகோவ் தலைவரானார். மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் தடுப்பூசிப் பணியை நடத்துவதை உள்ளூர் மருத்துவர்கள் ஏற்கவில்லை. இடையூறுகள் பெருகவே, அமைதியாக ஆய்வு செய்ய இடம் தேடினார். பெர்லினில் ராபர்ட் கோக் அவருடைய கருத்துக்குச் செவிசாய்க்கவில்லை. பாரிசில் முதுமையுற்றிருந்த லூயி பாஸ்டரோ இருகை நீட்டி வரவேற்றார். 1888ஆம் ஆண்டு பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் ஆய்வுக்கூடம் பெற்ற மெச்னிகோவ், வாழ்வின் இறுதி வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அக்காலத்தில் நோயெதிர்ப்பாற்றல் பற்றி அறிவுலகம் இருபிரிவாகப் பிரிந்திருந்தது. உடலைக் காப்பவை விழுங்கணுக்களே என்றார் மெச்னிகோவ். குருதிநீரில் கரைந்துள்ள எதிர்ப்பொருள்களே காப்பவை என்றனர் ஜெர்மானிய அறிஞர்கள். எதிர்ப்பொருள்கள் கிருமியின்மேல் படிந்து, விழுங்கணுக்கள் அதனை எளிதில் விழுங்குமாறு செய்கின்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று. இருசாராரும் ஒரே உண்மையின் இருபக்கங்களைக் கண்டிருந்தனர். 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், மறுதரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தட்டில் கண்ட நட்பும் பகையும்

1892ஆம் ஆண்டு பிரான்சில் காலரா பரவியது. காலராக் கிருமி புகுந்த எல்லோரும் நோயுறாதது ஏன் என்பதை அறிய விரும்பிய மெச்னிகோவ், அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். அவருக்கு நோய் வரவில்லை. தன்னார்வலர் ஒருவர் பருகினார். அவருக்கும் நோய் வரவில்லை. மற்றொருவர் பருகியபோது கடும் காலரா கண்டு, சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். இத்தகைய ஆய்வை இன்றைய மருத்துவ அறநெறி ஒருபோதும் ஏற்காது. மனித உயிரைப் பணயம் வைக்கும் ஆய்வு, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், தவிர்க்கத்தக்கதே. மெச்னிகோவும் இதன்பின் ஆய்வுக்கூடத் தட்டுகளிலேயே விடை தேடினார்.

உணவூட்டம் நிறைந்த கூழ்மத்தைத் தட்டில் பரப்பி, அதில் காலராக் கிருமியுடன் வேறு நுண்ணுயிரிகளையும் சேர்த்து வளர்த்தார். சில நுண்ணுயிரிகளின் அருகில் காலராக் கிருமி செழித்து வளர்ந்தது. வேறு சிலவற்றின் அருகில் அது வளர இயலாமல் ஒடுங்கியது. மெச்னிகோவ் இதிலிருந்து ஓர் அரிய முடிவுக்கு வந்தார். குடலுக்குள் புகும் கிருமி அங்கே வெறும் வெளியில் இறங்குவதில்லை; ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் நடுவே இறங்குகிறது. அக்கூட்டம் பகையாயின் கிருமி ஒடுங்கும், துணையாயின் ஓங்கும். அங்ஙனமாயின், கிருமியை எதிர்க்கும் நுண்ணுயிரிகளை நாமே தேர்ந்து குடலில் குடியேற்றினால் என்ன?

பாலும் பல்கேரியரும்

இவ்வெண்ணம் முதுமையைப் பற்றிய அவருடைய சிந்தனையோடு இணைந்தது. முதுமையை ஆராயும் துறைக்கு ‘ஜெரன்டாலஜி’ என்னும் பெயரை 1903ஆம் ஆண்டு அவரே சூட்டினார். பெருங்குடலில் தேங்கும் கழிவை அழுகச்செய்யும் பாக்டீரியாக்கள் நச்சுப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவை குருதியில் கலந்து உடலை மெல்ல மெல்லத் தளரச்செய்கின்றன என்று அவர் கருதினார். அழுகச்செய்யும் பாக்டீரியாவை அடக்க வழி யாது?

அதற்கான விடை அடுப்பங்கரையில் இருந்தது. கறந்த பாலை அப்படியே வைத்தால் கெடுகிறது. உறையிட்டால் தயிராகி நிலைக்கிறது. உறையிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அழுகச்செய்யும் பாக்டீரியாக்கள் அப்புளிப்பில் வளர இயலாமல் ஒடுங்குகின்றன. பால்கலத்தில் நிகழ்வது குடலிலும் நிகழக்கூடும் என எண்ணினார் மெச்னிகோவ். தயிரை நாள்தோறும் உண்ணும் பல்கேரிய உழவர் பலர் நெடுங்காலம் வாழ்வதாகக் கிடைத்த செய்தி, அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது.

1904ஆம் ஆண்டு பாரிசில் முதுமை பற்றி அவர் ஆற்றிய பொதுச்சொற்பொழிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மறு ஆண்டு, ஜெனீவாவில் மருத்துவம் பயின்ற ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர், தம் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதனை உறையச்செய்யும் கோல்வடிவப் பாக்டீரியாவைப் பிரித்தறிந்தார். அதற்குப் பல்கேரியாவின் பெயரே சூட்டப்பட்டது. ‘லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ்’ என இன்றும் அது வழங்குகிறது. கிரிகோரோவின் கண்டுபிடிப்பை மெச்னிகோவ் மகிழ்ந்து ஏற்று, தம் ஆய்வுகளில் பயன்படுத்தினார்.

பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே என்னும் மருத்துவர் மற்றொரு திசையில் இதே உண்மையை அணுகினார். தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் குடலில் கிளைபிரிந்த வடிவமுடைய பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதையும், வயிற்றுப்போக்கால் நலிந்த குழந்தைகளிடம் அவை குறைந்திருப்பதையும் அவர் கண்டார். ‘பிஃபிடோபாக்டீரியா’ எனப்படும் அவற்றை நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தால் நலம் விளையும் என்று எடுத்துரைத்தார்.

புகழும் பிழையும்

மெச்னிகோவ் தம் கருத்தைக் கருதுகோளாகவே முன்வைத்தார். செய்தித்தாள்களோ தயிரை முதுமைக்கு மருந்தாக்கிவிட்டன. புளித்த பாலும், அதன் பாக்டீரியா அடங்கியவை எனச் சொல்லப்பட்ட மாத்திரைகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. வணிகர் சிலர் அவருடைய பெயரையே விளம்பரமாக்கினர். கருத்தின் எல்லை எது, ஆசையின் எல்லை எது என்று பிரித்துணர மக்களுக்கு வாய்ப்பில்லாது போயிற்று.

கருத்திலும் குறைகள் இருந்தன. பல்கேரிய முதியோரின் வயதுக் கணக்குகள் எல்லாம் உறுதியான பதிவுகளால் மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. பெருங்குடலின் அழுகலே முதுமைக்கு முதற்காரணம் என்னும் கோட்பாடு நிலைபெறவில்லை. பெருங்குடலே தேவையற்ற உறுப்பு என்னும் கருத்து பரவியமையால், அதனை அறுவை செய்து நீக்கும் அளவுக்குச் சில மருத்துவர்கள் துணிந்தனர். அது நோயாளிகளுக்குத் தீங்காகவே முடிந்தது. மெச்னிகோவ் மறைந்தபின் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்ஜரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வுகள், பல்கேரியப் பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்று காட்டின.

எனில், மெச்னிகோவின் உழைப்பு வீணா? இல்லை. அவர் தேர்ந்த பாக்டீரியாவும், அதனிடம் அவர் எதிர்பார்த்த பயனும் பொருந்தாமல் போயிருக்கலாம். நுண்ணுயிரியைக் கொண்டே நுண்ணுயிரியை அடக்கலாம் என்னும் அடிப்படை எண்ணம் பொய்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தோர் அதனைக் கைவிடாமல் திருத்தி வளர்த்தனர்.

வளர்ந்த விதை

1917ஆம் ஆண்டு, முதல் உலகப்போரின்போது, ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிசில் ஒரு செய்தியைக் கவனித்தார். உடனிருந்த வீரர்கள் கடும் குடல்நோயால் வாடியபோது, வீரர் ஒருவர் மட்டும் நலமாயிருந்தார். மெச்னிகோவை வாட்டிய அதே வினா மீண்டும் எழுந்தது. நிசில் அவ்வீரரின் குடலிலிருந்து ஈ.கோலி பாக்டீரியா வகை ஒன்றைப் பிரித்தெடுத்தார். நோய்க்கிருமிகளோடு சேர்த்து வளர்த்தபோது அது அவற்றை அடக்கியது. ஈ.கோலி என்றாலே தீயது என எண்ணிவிடலாகாது. ஒரே இனத்துள்ளும் நன்மை செய்யும் வகையும் தீமை செய்யும் வகையும் உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. நிசிலின் பெயரால் வழங்கும் அவ்வகை இன்றும் மருத்துவத்தில் பயன்படுகிறது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் மினோரு ஷிரோட்டா என்னும் மருத்துவ அறிஞர், இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி உயிருடன் குடலை அடையும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா வகையை 1930ஆம் ஆண்டு தேர்ந்து வளர்த்தார். மெச்னிகோவின் பாக்டீரியா எங்கே தோற்றதோ, அங்கே வெல்லும் பாக்டீரியாவை அவர் தேடினார். 1935ஆம் ஆண்டு முதல் அது புளித்த பால் பானமாக மக்களைச் சென்றடைந்தது.

இத்தகைய நுண்ணுயிரிகள் இன்று ‘புரோபயாடிக்’ எனப்படுகின்றன. போதிய அளவில் உயிருடன் உட்கொள்ளப்படும்போது உடலுக்கு நலம் பயக்கும் நுண்ணுயிரிகளே புரோபயாடிக் ஆகும் என்று உலக உணவு, உடல்நல அமைப்புகளின் வல்லுநர் குழு 2001ஆம் ஆண்டு வரையறுத்தது. அவை தீய பாக்டீரியாவை எதிர்க்கும் வழிகள் பல. அமிலத்தைச் சுரந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. உணவுக்கும் ஒட்டிக்கொள்ளும் இடத்திற்கும் அதனோடு போட்டியிடுகின்றன. அதனைக் கொல்லும் புரதப்பொருள்களைச் சில வகைகள் வெளியிடுகின்றன. குடற்சுவரின் காப்பையும் உடலின் நோயெதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றன.

ஒரு பாக்டீரியாவை நன்மை செய்வது எனத் தேர்வது எளிதன்று. முதலில் தயிர், தாய்ப்பால், குழந்தைகளின் கழிவு போன்றவற்றிலிருந்து பல வகைகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்கின்றனர். பின்னர் நோய்க்கிருமி பரப்பிய தட்டில் அவற்றை வைக்கின்றனர். பாக்டீரியாவைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றினால், அது எதிர்க்கும் ஆற்றல் உடையது எனக் கொள்கின்றனர். அடுத்து, அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குகிறதா, குடற்சுவரில் ஒட்டுகிறதா, நச்சு எதனையும் உண்டாக்காதிருக்கிறதா என்று ஆராய்கின்றனர். தட்டில் வென்ற பாக்டீரியா உடலிலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. எனவே இறுதியாக, முறையான இசைவும் கண்காணிப்பும் கொண்ட மனித ஆய்வுகள் நடைபெறுகின்றன. பல்கேரியப் பாக்டீரியா கற்பித்த பாடம் இது.

1982ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அறிஞர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும், இரைப்பையில் வாழும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். இரைப்பை அழற்சிக்கும் குடற்புண்ணுக்கும் அதுவே காரணம் என்றும் காட்டினர். 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. அக்கிருமியை எதிர்க்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களைத் தேடும் ஆய்வுகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. எனினும், அக்கிருமியை நீக்குவதற்கு உரியவை மருத்துவர் தரும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளே. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அம்மருத்துவத்திற்குத் துணைநின்று, அதனால் நேரும் வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகளைக் குறைக்க உதவக்கூடும். துணையை மருந்தாகக் கொள்ளலாகாது. உடல் மிக நலிந்தோர் மருத்துவரின் அறிவுரையின்றி இவற்றை உட்கொள்வதும் நன்றன்று.

நிறைவான வாழ்வு

இளமையில் வாழ்வை வெறுத்த மெச்னிகோவ், முதுமையில் வாழ்வின்மீது பெருநம்பிக்கை கொண்டவராக மாறினார். 1907ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் பிரெஞ்சுத் தலைப்பே நன்னம்பிக்கையைப் பெயராகக் கொண்டது. நோயின்றி முதுமையடைந்து, உறக்கம் வருவதுபோல் இயல்பாக இறப்பு வரும் காலத்தை அறிவியல் கொணரும் என்று அவர் நம்பினார். 1909ஆம் ஆண்டு ரஷ்யா சென்றபோது எழுத்தாளர் டால்ஸ்டாயை அவருடைய ஊரிலேயே சந்தித்து உரையாடினார்.

1914ஆம் ஆண்டு மூண்ட உலகப்போர் அவருடைய நம்பிக்கையை உலுக்கியது. நோயிடமிருந்து மனிதரைக் காக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர், மனிதர் மனிதரைக் கொன்று குவிப்பதைக் காண நேர்ந்தது. இளைய ஆய்வாளர்கள் போர்க்களம் செல்லவே, ஆய்வுக்கூடங்கள் வெறுமையடைந்தன. இதயநோயால் நலிவுற்ற அவர், 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் தம் எழுபத்தோராம் அகவையில் பாரிசில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் மருத்துவ ஆய்வுக்குப் பயன்பட்டது, பின்னர் எரியூட்டப்பட்டது. சாம்பல் அடங்கிய கலம், அவர் உழைத்த பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

நூறாண்டு வாழும் வழியைத் தேடியவர் நூறாண்டு வாழவில்லை. ஆயினும், நோய்க்கிருமியை மட்டும் நோக்கிய மருத்துவத்தை, உடலையும் அதனுள் வாழும் நுண்ணுயிர்களையும் நோக்குமாறு திருப்பியவர் அவரே. அறிவியலில் ஒருவர் இறுதி விடையைச் சொல்லிச்செல்ல வேண்டுவதில்லை. நல்ல வினாவை எழுப்பி, தம் விடையைப் பிறர் சோதிக்குமாறு வெளிப்படையாக வைத்துச் சென்றாலே போதும். பின்வருவோர் பிழையைக் களைந்து உண்மையை வளர்த்துக்கொள்வர். மெச்னிகோவ் அவ்வாறு வைத்துச் சென்றார்.

தெரிந்து தெளிவோம்

ஒடெசாவில் மெச்னிகோவிடம் பயின்ற மாணவருள் ஒருவர் வால்டெமர் ஹாஃப்கின். ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாரிசு சென்ற அவர், பாஸ்டர் நிறுவனத்தில் காலராவுக்குத் தடுப்பூசி உருவாக்கினார். 1893ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, மக்களுக்கு அத்தடுப்பூசியைச் செலுத்தினார். பின்னர் மும்பையில் பிளேக் நோய் பரவியபோது அதற்கும் தடுப்பூசி கண்டு, 1897ஆம் ஆண்டு அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மும்பையிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. மெச்னிகோவின் கருத்துகளுள் காலத்தை வென்று நின்றவை, பின்னர்த் திருத்தப்பட்டவை என இருபட்டியல்கள் உருவாக்கி வகுப்பறையில் விளக்குக.

2. மனிதரைக்கொண்டு நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளில் பின்பற்ற வேண்டிய அறநெறிகள் குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. அறிவியல் கருதுகோள் ஒன்று விளம்பரமாக மாறும்போது நேரும் தீங்குகள் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.